கொல்லிமலைக்குச் சைக்கிளில்

விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகச் சைக்கிள் மிதித்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நெடுந்தூரம் போகும் குழுக்கள் பலவும் பின்பற்றுவது ஒரு பிரெஞ்சு மரபை. அதன் பெயர் 'பிரெவே'. பாரிஸ் சங்கம் ஒன்று வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்பதெல்லாம் கிடையாது. அருமையான விதி அது!

சமவெளியில் முன்னால் போகிறவர் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வதால், பின்னால் வருபவருக்குச் சிரமம் நன்றாகவே குறையும். அதனால்தான் முறை வைத்து முன்னே வருகிறார்கள். மலையேறும்போது வேகம் குறைவதால் அந்த உதவி பெரிதாக இருக்காது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அவரவர் மூச்சுக்கு ஏற்றபடி ஏறுவதே சரி.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், அதுவும் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே.

காட்டுப் பாதையில் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் அடிவாரம் வந்து சேர்ந்துவிடுங்கள்.