களமும் கருவியும்

நுழையுமுன்

பெரிய படப்பெட்டி நுட்பமான படத்தைத் தரும். ஆனால், அதைச் சுமந்து செல்வது கடினம். களத்திற்குச் செல்லும் ஒளிப்படக் கலைஞர் எதைப் பெற எதை இழக்கலாம் என்பதை முன்னரே தீர்மானிக்க வேண்டும்.

இராயக்கோட்டைப் படங்கள்

தருமபுரி, 1965இல் தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அச்சேலம் மாவட்டத்தைத் தொடக்கக் காலத்திலேயே படம்பிடித்தவர் லின்னேயஸ் டிரைப். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட அவர், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தம் பயணத்தைத் தொடங்கினார். இராயக்கோட்டை முதலிய இடங்களின் படங்கள் 1858இல் தொகுப்பாக வெளிவந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று இராயக்கோட்டை உள்ளது.

பெரிய பெட்டி ஏன்?

அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவது எளிதன்று. எதிர்மறையை ஒளியுணர் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டியே அச்சிட்டனர். எனவே, படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய எதிர்மறையும், அதற்கேற்ற பெட்டியும் தேவைப்பட்டன. டிரைப்பின் எதிர்மறைகள் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையவை.

ஈரக் கண்ணாடித் தகடு மிகத் தெளிவான படம் தரும். ஆயினும் அதன் பூச்சு உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அதற்கு இருட்டுக் கூடாரத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். மெழுகேற்றிய தாளோ எடை குறைந்தது. முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கத்தக்கது. ஆனால், அதில் படம் பதிய நெடுநேரம் வேண்டும். அசையாத கோட்டைக்கும் கோயிலுக்கும் அக்குறை தடையாகவில்லை. டிரைப் தாளைப் பெரிதும் பயன்படுத்தியமைக்குரிய பொருத்தம் இதில் விளங்கும்.

இன்றைய தேர்வு

இன்று 4 அங்குலத்திற்கு 5 அங்குலப் படச்சுருள் தகடு பரவலாகப் பயன்படுகிறது. அதன் பரப்பு, வழக்கமான 35 மில்லிமீட்டர் படச்சட்டத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. தருமபுரிப் பகுதி நடுகற்களின் தேய்ந்த எழுத்துகளைப் பதிவுசெய்ய இந்நுட்பம் துணைபுரியும்.

ஒற்றைத் தண்டில் அமைந்த பெட்டி எல்லாத் திசையிலும் அசையும்; ஆனால் கூடத்திற்கே ஏற்றது. மடக்கக்கூடிய மரப்பெட்டியின் அசைவு குறைவு. எனினும் தோளில் சுமந்து மலையேறலாம். வில்லையை மட்டும் மேலே உயர்த்தும் வசதி இருந்தால், பெட்டியைச் சாய்க்காமலே கோபுரத்தின் உச்சியைப் படத்திற்குள் கொண்டுவரலாம்; தூண்களும் சரிந்து தோன்றா. உறுதியான முக்காலி இன்றியமையாதது. களத்திற்குக் கொண்டுசெல்ல இயலாத கருவி, எவ்வளவு சிறந்ததாயினும் பயன் தராது.

தெரிந்து தெளிவோம்

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றிணைத்து ஒரே நீண்ட படமாக்கினார்.