பறித்த பிறகும் மூச்சு விடும் ஆப்பிள்

நியூயார்க் நகரத்தின் வானளாவிய கட்டடங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து காரில் வடக்கே போகப் போகக் கட்டடங்கள் குறைந்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆப்பிள் தோட்டங்கள் வந்துவிடும். அது ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக்கு அடுத்தபடியாக ஆப்பிள் அதிகம் விளையும் மாநிலங்களில் நியூயார்க்கும் ஒன்று. அக்டோபரில் அங்கே இலையுதிர் காலம். விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, சாலையோரத் தோட்டக் கடைகளில் நின்று நின்று காய், பழம் வாங்கிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவார்கள். நாமும் அப்படி ஒரு சுற்று போய் வருவோம்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்து வாசலில் ஒரு கூரை, ஒரு மரப்பலகை, கூடைகள். சில கடைகளில் விற்க ஆளே இருக்கமாட்டார். விலை எழுதிய அட்டையும் துளை போட்ட தகரப் பெட்டியும்தான் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

கூடைகளில் என்ன இருக்கிறது? வெங்காயம், பரங்கி, கேரட், ஆப்பிள். இன்னும் சில வாரங்களில் இந்த ஊரில் உறைபனி விழும். ஜனவரியில் நிலமே இறுகிப் போகும். விலங்குகளாவது வளைக்குள் பதுங்கலாம், பறவைகளாவது தெற்கே பறந்து போகலாம். செடி எங்கே போகும்? அதனால் கோடை முழுக்க வெயிலில் சமைத்த உணவைக் கிழங்கிலும் குமிழிலும் விதையைச் சுற்றியும் சேர்த்து வைக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சேமிப்பைத்தான்.

முதலில் பைன் ஐலண்ட் என்ற ஊர். வயல் மண் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பனியுகம் முடிந்தபோது, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறைகள் உருகி இங்கே ஏரிகள் உண்டாயின. ஏரியில் வளர்ந்த செடிகள் மடிந்து நீருக்கடியில் படிந்தன. அங்கே ஆக்சிஜன் குறைவு என்பதால் அவை முழுதாக மக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்தத் தழைதான் இந்த மண். பிற்காலத்தில் உழவர்கள் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து வயலாக்கினார்கள். இந்த வட்டாரத்தில்தான் 1801இல் சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியர், சேற்றுக் குழியிலிருந்து தண்ணீரை இறைத்து இறைத்து, மாஸ்டோடான் என்ற, யானைக்கு உறவான பழங்கால விலங்கின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்!

இந்த மண்ணில் கந்தகச் சத்து நிறைய. வெங்காயம் அதை உறிஞ்சிக் காரமான பொருள்களை உண்டாக்குகிறது. முழு வெங்காயத்தை முகர்ந்தால் கண் எரியாது. கத்தி பட்டதும் செல்கள் உடைந்து, தனித்தனியே இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அப்போது பிறக்கும் வாயுதான் நம்மை அழ வைக்கிறது. அடுத்த ஆண்டு பூப்பதற்காக வைத்திருக்கும் உணவைப் பூச்சியும் எலியும் தின்றுவிடாமல் இருக்கத்தான் இந்தக் காவல்.

அடுத்த கடையில் பரங்கிகள் மலை போலக் குவிந்து கிடக்கின்றன. நம் ஊர்ச் சந்தையில் சுரைக்காய் வாங்கும்போது அம்மா நகத்தால் கீறிப் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? நகம் இறங்கினால் பிஞ்சு, வாங்கலாம். இங்கே அதற்கு நேர்மாறு. நகம் இறங்காத காயைத்தான் எடுக்கிறார்கள். தோல் நன்றாக இறுகியிருந்தால்தான் குளிர்காலம் தாங்கும். பறித்த காய்களைச் சுமார் 27 டிகிரி வெப்பத்தில் பத்து நாள் போல வைத்திருப்பார்கள். அதற்குள் தோல் மேலும் கெட்டிப்படும், சின்னச் சின்னக் கீறல்கள் ஆறிவிடும். கொடியை விட்டுப் பிரிந்த காய் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது என்றால், அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதானே பொருள்? காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று கடைக்காரர் சொல்வார். காம்பு முறிந்த இடம் வழியாகக் கிருமி புகுந்து காய் அழுகிவிடும்.

மனிதர் மிகப் பழங்காலத்திலேயே பயிரிட்டவற்றில் பரங்கியும் ஒன்று. மெக்சிகோவில் ஒரு குகையில் கிடைத்த பரங்கி இன விதைகளுக்குச் சுமார் 10,000 வயது. நம் சாம்பாருக்கு வந்தது கடந்த சில நூற்றாண்டுகளில்தான்.

கேரட் விற்கும் அம்மையாரிடம் கேட்டால், "முதல் உறைபனி விழட்டும், அப்புறம் வந்து வாங்குங்கள்" என்பார். உறைபனிக்குப் பிறகு கேரட் கூடுதலாக இனிக்கும். காரணம் இதுதான். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் செடி செத்துப்போகும். சர்க்கரை கரைந்த தண்ணீர் சுழி டிகிரியில் உறையாது, அதற்கும் கீழே போக வேண்டும். எனவே குளிர் உறைத்ததும் செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்கிக்கொள்கிறது. உருளைக்கிழங்கும் குளிரில் இதையேதான் செய்கிறது. அதைச் சில வாரம் குளிர்பெட்டியில் வைத்து வறுத்துப் பாருங்கள். லேசாக இனிக்கும், சீக்கிரமே கருகும். அதனால்தான் உருளைக்கிழங்கை வெளியே வைக்கச் சொல்கிறார்கள்.

இனி ஆப்பிள். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். தோட்டக்காரர் ஓர் ஆப்பிளைக் குறுக்கே வெட்டி அதன்மேல் அயோடின் கரைசல் தடவுகிறார். மாவுச்சத்து உள்ள இடமெல்லாம் கருநீலமாகிறது. நடுவில், விதையைச் சுற்றி மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. அங்கே மாவு சர்க்கரையாகிவிட்டது, அதனால் நிறம் ஏறவில்லை. ஆப்பிள் உள்ளிருந்து வெளியே பழுக்கிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. வெள்ளை எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து அறுவடை நாளைக் குறிக்கிறார்கள். மாதக்கணக்கில் சேமிக்க வேண்டியதைக் கொஞ்சம் முன்னதாகவே பறித்துவிடுவார்கள்.

பறித்த ஆப்பிளும் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. அதன் உடலில் கிட்டத்தட்ட கால் பங்கு காற்று. தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். மூச்சு விட விட அதன் சர்க்கரை செலவாகும். கடைசியில் சதை பொலபொலவென்று ஆகிச் சுவை போய்விடும். அப்படியானால் மூச்சை மெதுவாக்கினால்? 1920களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். குளிர்ந்த அறையில் வைத்து, அதன் ஆக்சிஜனையும் குறைத்தால் ஆப்பிள் பல மாதம் கெடாது என்று கண்டார்கள். அந்த முறையை நியூயார்க் மாநிலத்துக்குக் கொண்டுவந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்மாக். இன்று நம் ஊர்க் கடையில் ஆண்டு முழுவதும் வெளிநாட்டு ஆப்பிள் கிடைப்பதற்கு இப்படிப்பட்ட அறைகள் முக்கியக் காரணம்.

ஆப்பிள் இன்னொரு வாயுவையும் விடுகிறது. அது எத்திலீன். 1901இல் ரஷ்யாவில் திமித்ரி நெலியுபோவ் என்ற மாணவர், விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயு பட்ட பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்வதைப் பார்த்து, காரணம் எத்திலீன் என்று கண்டுபிடித்தார். பழுக்கும் ஆப்பிளே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்று 1934இல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். ஒரு பழம் பழுக்கத் தொடங்கினால் பக்கத்துப் பழங்களும் பழுப்பது இதனால்தான். நம் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போடுகிறார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. நீங்களும் ஒரு காகிதப் பையில் ஓர் ஆப்பிளையும் வாழைக்காயையும் சேர்த்து வையுங்கள். இன்னொரு பையில் வாழைக்காயை மட்டும் வையுங்கள். எது முந்திப் பழுக்கிறது என்று தினமும் குறித்து வாருங்கள்.

தின்று முடித்ததும் விதைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆப்பிள் விதை மண்ணில் போட்டவுடன் முளைத்துவிடாது. இலையுதிர் காலத்தில் முளைத்தால் அடுத்த மாதமே குளிரில் சாக வேண்டியதுதான் அல்லவா? அதனால் இரண்டு மூன்று மாதம் ஈரக் குளிரில் கிடந்த பிறகுதான் கண் திறக்கும். விதைகளை ஈரத் தாளில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். தாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துத் தொட்டியில் நடலாம்.

முளைத்து மரமானாலும் நீங்கள் தின்ற அதே ஆப்பிள் அதில் காய்க்காது. ஒவ்வொரு விதையும் புது வகை. ஹட்சன் பள்ளத்தாக்கில் பேர்போன மெக்கின்டோஷ் ஆப்பிளும் அப்படி யாரும் நடாமல் முளைத்ததுதான். 1811 வாக்கில் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டோஷ் என்ற உழவர், தன் நிலத்தில் தானாக வளர்ந்திருந்த கன்றுகளைக் கண்டு எடுத்து நட்டார். அவற்றில் ஒரு மரத்தின் கிளையை வெட்டி ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டிலிருந்து இன்னோர் ஒட்டு என்று வந்தவைதான் இன்று உலகத்தில் இருக்கும் மெக்கின்டோஷ் மரங்கள் அத்தனையும்.