இரண்டாங் குழல்

ஜாஸ் இசையைப் பற்றிப் பேசுவோர் போட்டியைப் பற்றியே பெரிதும் பேசுவர். ஒருவரை ஒருவர் ஊதித் தோற்கடித்த கதைகள் அங்கே ஏராளம். சென்ற வாரம் 1923ஆம் ஆண்டின் இசைத்தட்டுப் பதிவுகள் சிலவற்றைக் கேட்டபோது என் மனம் வேறொன்றிற் சென்று நின்றது. ட்ரம்பெற்றின் உடன்பிறப்பாகிய கோர்னெற் என்னுங் குழல்கள் இரண்டு அவற்றிலே பின்னிப் பிணைந்து ஒலிக்கின்றன. ஒன்று ஜோ ஒலிவருடையது. மற்றது லூயி ஆம்ஸ்ட்ரோங்கினுடையது.

நியூ ஓர்லியன்ஸ் நகரில் வறுமையில் வளர்ந்த லூயிக்குத் தமது பழைய கோர்னெற் ஒன்றைக் கொடுத்து, வித்தையுஞ் சொல்லிக்கொடுத்தவர் ஒலிவர். 1922இல் அவர் சிக்காகோவிலிருந்து தந்தி அடித்து, லிங்கன் கார்டன்ஸ் நடன மண்டபத்தில் வாசித்துவந்த தமது குழுவிலே சேருமாறு அவனை அழைத்தார். அத்தகைய குழுவுக்கு ஒரு கோர்னெற்றே போதும். அதை ஊதத் தலைவரே இருந்தார். எனினும் அழைத்தார்.

பாட்டின் நடுவே ஏனைய வாத்தியங்களெல்லாம் சில கணம் ஓய, இவ்விருவர் மட்டும் இணைந்து ஊதும் இடங்கள் உண்டு. எழுதிவைத்த சுரம் எதுவுமில்லை. ஊதப்போவது இன்னதென்று ஒலிவர் சற்று முன்னரே தமது வாசிப்பிற் கோடிகாட்டிவிடுவார். லூயி அதைப் பற்றிக்கொண்டு துணைக்குரல் அமைப்பான். கேட்க வந்த வாத்தியக்காரர்களே வியந்து நின்றனர்.

ஒலிவர் முற்றுந் தன்னலமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. லூயி தம்மிலும் வல்லவன் என்பதையும், தம்மோடு இருக்கும்வரை அவனால் தம்மை முந்த முடியாது என்பதையும் அவர் சொன்னதாகக் குழுவின் பியானோக் கலைஞர் லில் ஹார்டின் நினைவுகூர்ந்துள்ளார். இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். தம்மிலும் வல்லவன் என்று அறிந்த ஒருவனைப் பக்கத்திலே நிறுத்திக்கொள்ள எத்தனை பேர் துணிவர்? ‘சைம்ஸ் புளூஸ்’ பதிவிலே தனி வாசிப்பையும் அவனுக்கு விட்டுக்கொடுத்தார். லூயியும் தன் வலிமையை அடக்கி, ஆசானின் குரலுக்குக் கீழேயே நின்றான். 1924இல் அவனைத் தனிவழி செல்லத் தூண்டியவர், அவ்வாண்டு அவனை மணந்த அதே லில்தான்.

பல்லீறு நோய் காலப்போக்கில் ஒலிவரின் ஊதுந் திறனைப் பறித்தது. 1938இல் சவானா நகரில் அவர் வறியவராகவே இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு அந்நகருக்கு வாசிக்கச் சென்ற ஆம்ஸ்ட்ரோங், அவர் தெருவிலே காய்கறி விற்கக் கண்டாராம். கையிலிருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். உடன் வந்த கலைஞர்களுங் கொடுத்தனர். அன்றிரவு மேடையில் நின்ற ஆம்ஸ்ட்ரோங் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். பழைய நாட்களிற் போல மிடுக்காக உடுத்து, பக்கத்திரையின் ஓரத்தில் ஒலிவர் நின்றுகொண்டிருந்தார்.