ராத்திரி முழிச்சுப் படிச்சா பரீட்சை பாஸாகுமா?

சனிக்கிழமை மாலை. கிளினிக்கை மூடும் நேரம். முப்பத்து நாலு வயது இளைஞர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாக அழைத்து வந்தார் அவர் மனைவி.

"டாக்டர், இவருக்கு ஏதாவது ஞாபகசக்தி லேகியம் குடுங்க. இல்லேன்னா பரீட்சையே வேணாம்னு நீங்களாவது சொல்லுங்க. ரெண்டு வருஷமா இவரு வீட்டுல இருக்காருன்னே தோணலை!"

இளைஞர் சென்னையில் நெட்வொர்க் என்ஜினீயர். கண்கள் சிவந்து, கீழே கருவளையம். நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், எடுத்ததற்கெல்லாம் கோபம். நாடி பார்த்தேன். பித்தம் துள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன பரீட்சை தம்பி?"

"சி.சி.ஐ.இ. டாக்டர். ஒரு தடவை போய் ஃபெயிலாயிட்டேன். பாஸ் பண்ணினா சம்பளம் கூடும். இல்லேன்னா பத்து வருஷமா உட்கார்ந்த அதே நாற்காலிதான்."

சிஸ்கோ நிறுவனம் 1993-ல் தொடங்கிய தேர்வு இது. முதலில் 2 மணி நேர எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் லேப் எனப்படும் செய்முறைத் தேர்வு. அது ஒரே நாளில் 8 மணி நேரம்! முதல் 3 மணி நேரம் ஒரு நெட்வொர்க்கை எப்படி அமைப்பது என்ற வடிவமைப்புக் கேள்விகள். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. அடுத்த 5 மணி நேரம் ரவுட்டர், ஸ்விட்ச்களை இயங்க வைக்க வேண்டும், கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். ஒருமுறை எழுத கட்டணமே லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. இதற்காக இவர் போனது பெங்களூருக்கு.

"எப்படிப் போனீங்க?"

"ராத்திரி பஸ்ல. வழியில பரோட்டா சாப்பிட்டேன். காலையில இறங்கி, குளிச்சுட்டு நேரா எக்ஸாம் ஹாலுக்குப் போயிட்டேன். மத்தியானத்துக்கு மேல, தினமும் ஆபீஸ்ல அடிக்கிற கமாண்ட் கூட மறந்துடுச்சு."

மறக்காமல் என்ன செய்யும்?

நானும் படிக்கிற காலத்தில் குணபாடம் பரீட்சைக்கு விடிய விடிய விழித்துப் படித்தவன்தான். மூலிகை எல்லாம் தலைக்குள் இருந்தது. பேர் மட்டும் வாய்க்கு வரவில்லை!

அடக்கக் கூடாத பதினாலு

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. இயற்கையாக உடம்பில் எழும் உந்துதல்கள். அவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது நம் பெரியவர்கள் கண்ட உண்மை. அதில் பசி, தாகம், மலம், சிறுநீர், தூக்கம் ஆகிய ஐந்தையும் இந்தத் தம்பி தினமும் அடக்கிக்கொண்டிருந்தார். 'இந்த லேபை முடிச்சுட்டு எழுந்திரிக்கலாம்' என்று உட்கார்ந்தால் நாலு மணி நேரம்!

கண்விழித்தால் வாதமும் பித்தமும் கெடும் என்கிறோம் நாங்கள். அன்று படித்ததைத் தூக்கத்தின்போதுதான் மூளை ஆழப் பதிய வைக்கிறது என்கிறது நவீன மருத்துவம். தூக்கத்தைத் திருடிப் படிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுக்கிற கதைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

அவருடைய வழக்கம்: வார நாட்களில் இரவு பத்து முதல் இரண்டு வரை படிப்பு. வாரம் 20 மணி நேரம். ஆறரைக்கு எழுந்திருப்பார். தூக்கம் நாலரை மணி நேரம்தான்.

நான் எழுதிக் கொடுத்தது: இரவு பத்துக்குப் படுக்கை, காலை ஐந்துக்கு எழுந்திருத்தல். ஐந்து முதல் ஏழு வரை படிப்பு. மாலையில் அரை மணி நேரம், புத்தகத்தைத் திறக்காமல், காலையில் படித்ததை வெறும் தாளில் எழுதிப் பார்ப்பது. சனிக்கிழமை 5 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. மொத்தம் பதினேழரை மணி நேரம். குறைந்தது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் மட்டுமே. கிடைத்ததோ தினமும் 7 மணி நேரத் தூக்கம்.

"ஞாயிற்றுக்கிழமை?" என்றார் மனைவி.

"அது உங்களுக்கும் குழந்தைக்கும்மா. ஆனா மாசத்துல ஒரு ஞாயிறு மட்டும் அவருக்கு விட்டுக் குடுங்க. பரீட்சை மாதிரியே எட்டு மணி நேரம் உட்காரட்டும். மூளைக்கு மட்டுமில்லே, முதுகுக்கும் கண்ணுக்கும் பழக்கம் வேணும்."

இதையும் கவனியுங்கள்

* காபியை மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். சாயங்காலம் குடித்த காபியின் வீரியத்தில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

* இரவு உணவு எட்டு மணிக்குள். இட்லி, இடியாப்பம் போல எளிதானது. இரவில் கீரையும் தயிரும் வேண்டாம். பகலில் நீர்மோர், சீரகத் தண்ணீர் குடிக்கலாம்.

* இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையை விட்டுக் கண்ணை எடுத்து, தூரத்தில் உள்ள மரத்தையோ மாடியையோ இருபது விநாடி பாருங்கள். முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள்.

* வாரம் ஒரு முறை நல்லெண்ணெய்க் குளியல். ஆண்களுக்குப் புதன், சனி என்பது வழக்கம். அன்று பகல் தூக்கம் கூடாது. பரீட்சைக்கு முதல் நாள் புதிதாக ஆரம்பிக்காதீர்கள்!

* வல்லாரைத் துவையல் சாப்பிடலாம். ஆனால் படிக்காததை ஞாபகப்படுத்தும் லேகியம் எந்தச் சித்தரும் எழுதி வைக்கவில்லை.

* நெஞ்செரிச்சல் என்று நினைத்தது தோள், தாடை, இடது கைக்குப் பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மலம் கறுத்துப் போனாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எட்டு மாதம் கழித்து

இந்த முறை முதல் நாள் பகல் ரயிலில் பெங்களூர் போனார். பரீட்சை மையத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வந்து ஒன்பதரைக்கே படுத்துவிட்டார். தேறியும் விட்டார். அதற்கு நான் காரணம் என்று சொல்ல மாட்டேன். உழைப்பு அவருடையது. விட்டுக்கொடுத்தது அவர் மனைவி. இடையூறு பண்ணாமல் இருந்தது உடம்பு, அவ்வளவுதான்.

ஸ்வீட் பாக்ஸோடு வந்தவர், "மூணு வருஷத்துக்கு ஒரு தடவை இதைப் புதுப்பிக்கணும் டாக்டர்" என்றார் மெதுவாக.

மனைவி முந்திக்கொண்டார். "புதுப்பிக்கட்டும் டாக்டர். ராத்திரி பத்து மணிக்கு மட்டும் லைட்டை நான் அணைச்சிடுவேன்!"

இதைவிட நல்ல மருந்து என்னிடமும் இல்லை.