வங்கிக்கு வழிவிட்ட சர்ச்

பழைய லண்டன் வரைபடங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் ராத்திரி நேரப் பொழுதுபோக்கு. அப்படித்தான் 'செயின்ட் கிறிஸ்டோபர் லெ ஸ்டாக்ஸ்' என்ற ஆங்கிலிக்கன் சர்ச் கண்ணில் பட்டது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து இருக்கும் அதே த்ரெட்நீடில் தெரு.

ஸ்டாக்ஸ் என்றதும் ஷேர் மார்க்கெட் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். இல்லீங்க! குற்றவாளிகளின் காலை மாட்டி வைக்கும் தொழுமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். தொழுமரம் நின்ற இடத்தில் வந்தது ஸ்டாக்ஸ் மார்க்கெட் என்ற சந்தை. பக்கத்தில் இருந்ததால் சர்ச்சுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1666 பெருந்தீயில் எரிந்த சர்ச்சை 1671ல் கிறிஸ்டோபர் ரென் மறுபடி கட்டிக் கொடுத்தார். 1734ல் வங்கி பக்கத்தில் குடிவந்தது. அதுவரை பிரச்சினை இல்லை.

1778ல் நாடாளுமன்றம் கத்தோலிக்கர்கள் மீதிருந்த சில சட்டத் தடைகளைத் தளர்த்தியது. அதை ரத்து செய்யச் சொல்லி 1780 ஜூனில் லார்ட் ஜார்ஜ் கார்டன் தலைமையில் புராட்டஸ்டன்டுகள் திரண்டார்கள். ஊர்வலம் கலவரமாக மாறியது. நியூகேட் சிறை எரிந்தது. ஜூன் 7 அன்று கூட்டம் வங்கிக்கே வந்துவிட்டது. ராணுவம் சுட்டு விரட்டியது.

வங்கி தப்பித்தது. ஆனால் நிர்வாகிகளுக்குப் பயம் போகவில்லை. வங்கியை ஒட்டியே சர்ச் கோபுரம் உயரமாக நிற்கிறது. அடுத்த முறை கலவரக்காரர்கள் அதில் ஏறிக்கொண்டு சுட்டால்? எங்கள் மென்பொருள் வேலையிலும் இதே புத்திதான். தாக்குதல் வந்த வழியை மட்டும் அடைத்தால் போதாது, வரக்கூடிய வழியையும் அடைக்கணும். வங்கியை விரிவாக்க இடமும் தேவைப்பட்டது. 1782ல் சர்ச்சை இடித்தார்கள். ராபர்ட் டெய்லர் வடிவமைத்த மேற்குப் பகுதி அங்கே எழுந்தது.

யோசித்துப் பாருங்க. புராட்டஸ்டன்ட் மதத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கிளம்பிய கலவரம், கடைசியில் ஒரு புராட்டஸ்டன்ட் சர்ச்சுக்கே முடிவு கட்டியது. இடித்தது கலவரக்காரர்கள் இல்லை. சட்டப்படி, அனுமதியோடு, சாவகாசமாக நடந்த வேலை.

சர்ச்சை ஒட்டிய கல்லறை நிலம் வங்கிக்குள் ஒரு தோட்டமாக மாறியது. இறந்தவர்கள் அங்கேயே மண்ணுக்குள் கிடந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் வங்கியைத் திரும்பக் கட்டியபோது அவர்களுக்கும் இடமில்லை. 1933ல் அங்கிருந்த எலும்புகளைத் தெற்கு லண்டனின் நன்ஹெட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

பங்கு மக்களை வங்கிக்குப் பின்புறம் உள்ள செயின்ட் மார்கரெட் லாத்பரியோடு சேர்த்துவிட்டார்கள். மோசே, ஆரோன் ஓவியங்களும் அங்கே போயின. பின்னாளில் இன்னும் சில பங்குகளும் வந்து சேர, எல்லாவற்றின் பெயரையும் அந்த சர்ச் இன்றுவரை தன் முழுப்பெயரில் வரிசையாகச் சுமக்கிறது. அந்த நீண்ட வரிசையில் 'செயின்ட் கிறிஸ்டோபர் லெ ஸ்டாக்ஸ்' பெயரும் இருக்கிறது. கட்டடம் போய் 240 வருஷம் தாண்டிவிட்டது. பெயரை மட்டும் யாரும் இடிக்கவில்லை.