படமே இல்லாத லைவ்... உலகமே கேட்டது! யார் இந்த பீட்டர் ஆர்னெட்?

1991 ஜனவரி 17, அதிகாலை. பாக்தாத் அல் ரஷீத் ஹோட்டலின் ஒன்பதாவது மாடி. வெளியே குண்டு விழுகிறது. உள்ளே சிஎன்என் செய்தியாளர்கள் மூன்று பேர், ஜன்னலில் பார்ப்பதை மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பெர்னார்ட் ஷா, ஜான் ஹாலிமன், பீட்டர் ஆர்னெட்.

டிவி செய்தி வரலாற்றில் மறக்க முடியாத இரவு அது. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அன்றைய லைவ்ல படமே கிடையாது! திரையில் ஒரு மேப், செய்தியாளர்களின் போட்டோ, பின்னால் குரல். அவ்வளவுதான்.

மற்ற சேனல்களுக்கு என்ன ஆச்சு?

மற்ற அமெரிக்க சேனல்களின் ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் அவர்களின் தொலைபேசி இணைப்பு சீக்கிரமே துண்டிக்கப்பட்டது. சிஎன்என் கையில் இருந்தது ‘ஃபோர் வயர்’ எனப்படும் தனி லைன். சாதாரண போனில் பேசுவதும் கேட்பதும் ஒரே ஜோடி கம்பியில், எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகும். ஃபோர் வயரில் பேச ஒரு ஜோடி, கேட்க ஒரு ஜோடி. டயல் செய்ய வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம், எந்நேரமும் திறந்தே இருக்கும். ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக வெளியே போன இந்த லைனுக்காக, தயாரிப்பாளர் ராபர்ட் வீனர் ஈராக் அதிகாரிகளிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தார்.

இந்தியாவிலும் ஸ்டார் ஹோட்டல்களில் டிஷ் ஆன்டெனா வைத்து மக்கள் இந்தப் போரைப் பார்த்தார்கள். இங்கே கேபிள் டிவி பரவ அதுவும் ஒரு காரணம்.

ஷாவும் ஹாலிமனும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். ஆர்னெட் கிளம்பவில்லை. அப்போது அவருக்கு வயது 56.

பல்லில் கவ்விய செய்தி

1934-ல் நியூசிலாந்தின் ரிவர்ட்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ஆர்னெட். 1960-ல் லாவோஸில் ராணுவப் புரட்சி நடந்து தந்தி சேவை முடங்கியபோது, டைப் செய்த செய்தியையும் பாஸ்போர்ட்டையும் பல்லில் கவ்விக்கொண்டு மேகாங் ஆற்றை நீந்தித் தாய்லாந்துக்குப் போனவர். நெட் இல்லைன்னா ரிப்போர்ட் அனுப்ப முடியாதுன்னு நாம சொல்ற காலத்துல இதைப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1962 முதல் ஏபி செய்தி நிறுவனத்துக்காக வியட்நாம். 1966-ல் புலிட்சர் பரிசு. 1975-ல் சைகோன் விழுந்தபோதும் ஊரை விட்டுப் போகாமல், லைன் துண்டிக்கப்படும்வரை செய்தி அனுப்பினார். சிஎன்என்-னில் சேர்ந்தது 1981-ல். சேனல் தொடங்கி ஒரே வருடம், வேலை தெரிந்தவர்களே சிரித்த சேனல். அவருக்கோ வயது 46. கரியர் மாற்ற லேட் ஆகிவிட்டது என்று அவர் நினைக்கவில்லை போலும்.

பால் பவுடரா, ஆயுதமா?

பாக்தாத்தில் தங்கியதன் விலை சீக்கிரமே தெரிந்தது. குண்டுவீச்சில் எரிந்த ஒரு தொழிற்சாலையை ஈராக் அதிகாரிகள் காட்டினார்கள். குழந்தைகளுக்கான பால் பவுடர் ஆலை என்றார்கள். ஆர்னெட் அங்கே பார்த்ததைச் செய்தியாக்கினார். அமெரிக்காவோ அது உயிரியல் ஆயுத ஆலை என்றது; அவர் ஈராக்கின் பிரசாரத்துக்குத் துணைபோகிறார் என்று வெள்ளை மாளிகை சாடியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 34 பேர் சிஎன்என்-னுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். செனட்டர் ஆலன் சிம்ப்சன், ஆர்னெட்டின் வியட்நாமிய மனைவியின் குடும்பம் வரை இழுத்துப் பேசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார்.

விமர்சகர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஈராக் அதிகாரி கூடவே வருவார், ஸ்கிரிப்டைப் படித்துப் பார்ப்பார். ஈராக் தணிக்கைக்கு உட்பட்ட செய்தி என்று சிஎன்என்-னே திரையில் போட்டது. ஆர்னெட்டின் வழி, ஸ்டுடியோவில் இருப்பவர் கேட்கும் கேள்விகளுக்கு லைவாகப் பதில் சொல்வது. அந்தப் பதில்களை யாரும் முன்கூட்டியே திருத்த முடியாதே! பிப்ரவரி 13-ல் அமீரியா பதுங்குமிடத்தில் 400-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தபோது, அங்கே ஒரு மேற்கத்திய கேமராவும் இல்லாமல் இருந்திருந்தால்?

புகழுக்குப் பின்...

1997-ல் ஆப்கானிஸ்தானில் ஒசாமா பின்லேடனைப் பேட்டி எடுத்தார். மேற்கத்திய டிவிக்கு பின்லேடன் கொடுத்த முதல் பேட்டி. கேள்விகளை முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், துணைக் கேள்வி கூடாது என்பது நிபந்தனை.

அடுத்த ஆண்டே சறுக்கல். லாவோஸில் 1970-ல் அமெரிக்கப் படை சாரின் விஷவாயுவைப் பயன்படுத்தியது என்ற ‘டெயில்விண்ட்’ செய்தியை சிஎன்என் திரும்பப் பெற்றது. தயாரிப்பாளர்கள் இருவர் வேலையை இழந்தனர். தயாரிப்பில் தன் பங்கு குறைவு என்றார் ஆர்னெட். ஆனால் திரையில் தெரிந்தது அவர் முகம். பார்ப்பவர் நம்பியது அந்த முகத்தைத்தானே? 1999-ல் சிஎன்என்-னை விட்டு விலகினார்.

2003-ல் மறுபடி போர், மறுபடி பாக்தாத். இந்த முறை என்பிசி-க்காக. ஈராக் அரசு டிவிக்கு அவரே பேட்டி கொடுத்து, அமெரிக்காவின் முதல் போர்த் திட்டம் தோற்றுவிட்டது என்றார். மறுநாளே வேலை போனது. பால் ஆலை விவகாரமும் இதுவும் ஒன்றல்ல. அங்கே பார்த்ததைச் சொன்னார். இங்கே கேள்வி கேட்க வேண்டியவர் பதில் சொல்ல உட்கார்ந்துவிட்டார், அதுவும் போரிடும் ஒரு தரப்பின் சேனலில். அவரே டிவியில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஊர் திரும்பவில்லை; பிரிட்டனின் ‘டெய்லி மிரர்’ உடனே வேலை கொடுக்க, பாக்தாத்திலிருந்தே எழுதினார்.

பின்னர் சீனாவின் சாந்தோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இதழியல் கற்றுக்கொடுத்தார். 2025 டிசம்பர் 17-ல் கலிஃபோர்னியாவில் காலமானபோது அவருக்கு வயது 91.