ராஜபாளையத்துத் தெலுங்கும் வில்லிபுத்தூர்த் தமிழும்

பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துக்களை நாம் சாதாரணமாய்க் கவனிப்பதில்லை. ஒன்று ஊரைக் குறிக்கும், மற்றொன்று தகப்பனாரைக் குறிக்கும் என்று சொல்லி மேலே போய்விடுகிறோம். ராஜபாளையத்து ராஜுக்களிடம் இந்தக் கணக்குச் செல்லாது. மதராஸ் மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் பெயரில் முதலில் நிற்கும் 'பி' ஊரும் அல்ல, தகப்பனாரும் அல்ல. அது 'பூசபாடி' என்னும் வீட்டுப் பெயர். தெலுங்கில் இதை 'இண்டி பேரு' என்பார்கள். விசாகப்பட்டணத்துக்கு அருகே விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்ட மன்னர்களின் வீட்டுப் பெயரும் இதுவே. அந்த ஊருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே 600 மைலுக்கு மேல் தூரம். இத்தனை தூரத்தையும் இத்தனை தலைமுறைகளையும் கடந்து வந்த வீட்டுப் பெயர், தமிழ் எழுத்தில் ஒற்றை 'பி'யாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய ஏழு மைல். ராஜபாளையம் என்றால் வெள்ளை வேட்டை நாயும், வில்லிபுத்தூர் என்றால் பால்கோவாவும் ஞாபகத்துக்கு வருவது நம் ஜனங்களின் சுபாவம். அவற்றை வேறொரு நாளைக்கு வைத்துக் கொள்வோம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தமிழ் பாடிய ஸ்தலத்துக்கு இவ்வளவு அருகில், ஓர் ஊரின் அடுப்பங்கரைகளில் தாயும் மகளும் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசி வருகிறார்களே, அந்த விஷயத்தைத்தான் இங்கே எடுத்துக் கொண்டிருக்கிறேன்.

அவர்கள் வந்த கதை பெரும்பாலும் நேயர்கள் அறிந்ததே. விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியபோது படைவீரர்களும் குடியானவர்களும் அதன் பின்னால் வந்தார்கள். 1529-ல் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது. பாண்டிய நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வில்லிபுத்தூரிலும் ஒரு மாளிகை கட்டினார். கம்மவாரும் ரெட்டிகளும் கரிசல் நிலத்தைத் தேடிக் குடியேறிப் பருத்தி விளைவித்தார்கள். 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் வீட்டு பாஷையும் தெலுங்குதான். ஆயினும் அவரைத் தமிழ்நாட்டு வீரர் அல்ல என்று சொல்ல எவருக்கும் வாய் வந்ததில்லை.

வந்தது ஆச்சரியமல்ல. வந்த பாஷை போகாமல் நின்றதுதான் ஆச்சரியம். பாஷையைப் பள்ளிக்கூடம் காப்பாற்றுகிறது என்பது கல்வி இலாகாவின் நம்பிக்கை. ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் தமிழையும் இங்கிலீஷையும் கற்றுக் கொடுத்தது. கடைவீதியும் கச்சேரியும் தமிழிலே நடந்தன. தெலுங்குக்கு ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. அதைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். கல்யாண சம்பந்தம் தங்களுக்குள்ளேயே நடந்தபடியால் மாமியாரும் மருமகளும் ஒரே பாஷையில் சண்டை போட முடிந்தது. தாலாட்டும் அதே பாஷையில் நடந்தது. சண்டைக்கும் தாலாட்டுக்கும் உதவுகிற பாஷை லேசில் சாவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தெலுங்கை ஆந்திர தேசத்தார் கேட்டால் சற்றுத் திகைப்பார்கள். கோல்கொண்டா சுல்தான்களும் நிஜாம்களும் ஆண்ட சீமையில் தெலுங்கு ஏராளமான உருது வார்த்தைகளை ஏற்றுக் கொண்டது. இங்கே அந்த இடத்தைத் தமிழ் வார்த்தைகள் பிடித்துக் கொண்டன. தமிழும் சும்மா இருக்கவில்லை. ரவிக்கை, சொக்காய், சந்தடி, எக்கச்சக்கம் முதலியவற்றைத் தெலுங்கிலிருந்து வாங்கிக் கொண்டு, பிறவியிலேயே தன்னுடையவை போல் வைத்திருக்கிறது.

ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு முந்திய சமாசாரம். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் 1816-லேயே தென்னாட்டுப் பாஷைகள் ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று எடுத்துக் காட்டினார். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வசித்த கால்டுவெல் பாதிரியார் 1856-ல் அதை விரிவான நூலாக எழுதினார். வில்லிபுத்தூரும் அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்ததுதான். இதற்கு நூல் பார்க்க வேண்டிய அவசியங்கூட இல்லை. தமிழில் 'செப்புதல்' செய்யுளுக்குப் போய்விட்டது; நாம் சொல்கிறோம், பேசுகிறோம், செப்புவதில்லை. 'இல்' என்றால் வீடு என்பதைப் பிள்ளைகள் உரையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது. ராஜபாளையத்துப் பாட்டி பேரனைப் பார்த்து 'செப்பு' என்கிறாள்; வீட்டை 'இல்லு' என்கிறாள். நாம் புலவர்களிடம் ஒப்படைத்துவிட்ட வார்த்தைகள் அவள் வாயில் சௌக்கியமாய் இருக்கின்றன.

இனி வில்லிபுத்தூருக்கு வருவோம். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் துளுவ வம்சத்தவர். கன்னட தேசத்திலிருந்து அரசாண்டவர். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையில் ஸ்ரீகாகுளம் என்னும் ஸ்தலத்தில் தங்கினார். அங்கே ஏகாதசி இரவில் ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, ஆண்டாளின் திருக்கல்யாணத்தைத் தெலுங்கிலே பாடும்படி பணித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்படிப் பிறந்த காவியமே 'ஆமுக்தமால்யதா'. சூடிக் கொடுத்தவள் என்பது அதன் பொருள். தெலுங்கிலக்கியத்தின் மகா காவியங்களில் ஒன்றாக அதை ஆந்திரர்கள் போற்றுகிறார்கள். அதன் கதை நடக்கும் இடம் நம் வில்லிபுத்தூர். அதில் ஒரு காட்சி: வாய்க்காலில் வாத்துக்கள் தலையைச் சிறகுக்குள் மடக்கித் தூங்குகின்றன. அவை பிராமணர்கள் குளித்துவிட்டு மறந்து போன வேஷ்டிகள் என்று எண்ணிக் காவற்காரர்கள் எடுக்க இறங்குகிறார்கள். வாத்துக்கள் ஓட்டம் பிடிக்கின்றன. வயல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். துளுவ வம்சத்து அரசர், தெலுங்கு பாஷை, தமிழ்நாட்டு வாய்க்கால்!

இங்கேதான் வேடிக்கையும் வருத்தமும் கலந்த ஒரு விஷயம் இருக்கிறது. மார்கழி மாதத்தில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவைதான் ஒலிக்கிறது. ஆந்திர தேசத்து வைஷ்ணவக் குடும்பங்களில், தமிழ் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்கள் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட புஸ்தகத்தை வைத்துக் கொண்டு முப்பது பாசுரங்களையும் ஓதுகிறார்கள். வருஷந்தோறும் பிரம்மோத்ஸவத்துக்கு வில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை திருமலைக்குப் போகிறது. எழுத்தின் உதவியால் தமிழ் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழு மைலுக்கு அப்பால் தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக்கோ, வில்லிபுத்தூரைப் பற்றிய தெலுங்குக் காவியம் எட்டவில்லை. பேசத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதன் எழுத்துத் தெரியாது. காவிய நடை கடினம் என்பது வாஸ்தவம். கடினம் என்று கண்டுபிடிப்பதற்காவது முதலில் படிக்க முடிய வேண்டுமல்லவா?

இதற்காக ராஜுக்களைக் குறை கூறுவதற்கில்லை. எழுத்தும் படிப்பும் தமிழாக இருந்ததால்தான் அவர்கள் தமிழ்நாட்டின் பொது வாழ்வில் இரண்டறக் கலந்தார்கள். குமாரசாமி ராஜா 1898-ல் ராஜபாளையத்தில் பிறந்து, காந்தியடிகளின் வழியில் நின்று, 1949 ஏப்ரலில் மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அந்த வருஷமே ஆந்திராவைத் தனியாகப் பிரிப்பதற்கான கமிட்டி ஒன்று அவருடைய தலைமையில் கூடியது. வீட்டிலே தெலுங்கு பேசுகிறவர், தமிழ்நாட்டுப் பிரதிநிதி, பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் தலைவர்! சென்னைப் பட்டணத்தின் மேலுள்ள உரிமையை ஆந்திரர்கள் விட்டுவிட வேண்டும் என்பது பெரும்பான்மையோர் முடிவு. பிரகாசம் பந்துலு ஒப்பவில்லை. பிறகு பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்ததும், 1953 அக்டோபர் 1-ந் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் பிறந்ததும் சரித்திரம். பாஷையை வைத்து எல்லை போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற தெலுங்குக் குடும்பங்களோ நின்ற இடத்திலேயே நின்றன.

நின்றதனால் தமிழுக்கு லாபம். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவர். கரிசல் காட்டுத் தமிழுக்கு 1982-ல் வட்டார அகராதி தொகுத்தவரும் அவரே. தெலுங்குக் குடிகள் தெற்கே ஓடிவந்த கதையை 1976-ல் 'கோபல்ல கிராமம்' ஆக்கினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991-ல் சாகித்ய அகாதமிப் பரிசு கிடைத்தது. தமிழ் வாசகர்கள் அவரை 'நைனா' என்றே அழைத்தார்கள். அது தகப்பனாரைக் குறிக்கும் தெலுங்கு வார்த்தை.

இப்போது கவலைக்கு வேறு காரணம் வந்திருக்கிறது. தமிழ் எதிரே நின்ற இத்தனை காலமும் தெலுங்கு வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது. இங்கிலீஷோ வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உத்தியோகத்துக்காகச் சென்னைக்கும் சீமைக்கும் போன குடும்பங்களில் பாட்டி தெலுங்கில் கேட்கிறாள், பேரன் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். கொஞ்ச காலத்தில் கேட்பவளும் இராள். ஏட்டில் எழுதாத பாஷைக்கு வேறு சாட்சி ஏது?

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே அதற்குக் கொடுத்தார். மார்கழியில் ஒரு மாலை அங்கே 'ஆமுக்தமால்யதா'வின் சில பத்தியங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு, ஊர்ப் பாட்டிமார்களை உட்கார வைத்து, தெலுங்கு கற்ற ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யலாம். வாத்துக் கதையிலிருந்து ஆரம்பித்தால் பேரப் பிள்ளைகளும் கேட்பார்கள்.